பாட்டிமார் அமரும் பெஞ்சு: ஹராரே நகரில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை நடக்கும் விதம்

கேள்வி இதுதான்: கறுப்பின மக்களுக்கு அவர்கள் பண்பாட்டை ஒட்டியே மனநல உதவி தர வேண்டும் என்று நிறையப் பேசுகிறார்கள், ஜிம்பாப்வேயில் பாட்டிமார் பெஞ்சில் உட்கார்ந்து பேசியே மனச்சோர்வைக் குறைக்கிறார்களாம். இது சிகிச்சைதானா, வெறும் ஆறுதல் பேச்சா? அங்கே உண்மையில் என்ன நடக்கிறது?

சிகிச்சைதான். ஆனால் "பாட்டியின் பாசமே மருந்து" என்று செய்திகளில் வருவது பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் நம்பி ஊருக்கு ஊர் பெஞ்சு போட்டால் பலன் இருக்காது, சில நேரம் கெடுதலும் வரும். ஜிம்பாப்வேயின் தலைநகரான ஹராரேயில் பலன் கிடைப்பதற்குக் காரணம், பாசத்துக்கு அடியில் இருக்கும் கறாரான ஒழுங்கு. 14 கேள்விகள், வரிசையான படிகள், வாராவாரம் மேற்பார்வை, எந்த நிலையில் நோயாளியை மேலே அனுப்ப வேண்டும் என்ற விதி. பண்பாடு ஆளை பெஞ்சு வரை அழைத்து வருகிறது. வந்தவர் தேறுவது அந்த ஒழுங்கால்.

2005இல் ஜிம்பாப்வே அரசு 'முரம்பட்ஸ்வினா' என்ற பெயரில் நகரங்களின் குடிசைகளையும் தெருக்கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்று ஐ.நா. அறிக்கை சொன்னது. அப்போது நாடு முழுவதற்கும் மனநல மருத்துவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அவர்களில் ஒருவரான டிக்ஸன் சிபாண்டாவின் நோயாளி, 26 வயதுப் பெண், மறுபடி வரவேண்டிய நாளில் வரவில்லை, தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் 15 டாலர் இல்லாததுதான் அவர் வராததற்குக் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். மருத்துவர் இருக்கும் இடத்துக்கு நோயாளி வரட்டும் என்ற ஏற்பாடே இங்கே செல்லாது என்பது சிபாண்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஹராரேயின் நெரிசலான ம்பாரே பகுதியில் அவர் வேலையைத் தொடங்கியபோது அவருக்குக் கிடைத்தவர்கள் 14 பாட்டிமார். மருத்துவரும் இல்லை, செவிலியரும் இல்லை. மருத்துவ நிலையத்தில் அறையும் காலியில்லை. அதனால்தான் வெளியே, மரத்தடியில் பெஞ்சு போட்டார்கள்.

அந்தப் பாட்டிமார் தெருவில் கண்ணில் பட்டவர்கள் அல்லர். ஹராரே மாநகராட்சிச் சுகாதாரத் துறையில் 1980களிலிருந்தே 'அம்புயா உதானோ' என்று மக்கள் அழைக்கும் சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் இருந்தார்கள். 'சுகாதாரப் பாட்டி' என்று வைத்துக்கொள்ளலாம். தடுப்பூசி, காசநோய் மாத்திரை, எச்.ஐ.வி. பரிசோதனை என்று வீடு வீடாகப் போய்ப் பழகியவர்கள். எந்தச் சந்தில் யார் குடியிருக்கிறார்கள், எந்த வீட்டில் சண்டை, யாருக்கு வேலை போயிற்று என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எழுதப் படிக்கத் தெரியும். வேலை கிடைத்தது என்று வெளிநாடு போய்விட மாட்டார்கள். பயிற்சி கொடுத்த செவிலியர்கள் அயல்நாட்டுக்குக் கிளம்பிவிடும் ஒரு நாட்டில் இந்தக் கடைசிச் சங்கதி சின்ன விஷயமில்லை.

முதல் பாடம் கற்றவர் மருத்துவரே. அவர் வைக்க நினைத்த பெயர் 'மனநல பெஞ்சு'. அந்தப் பெயரை வைத்தால் ஒருவரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று பாட்டிமார் மறுத்துவிட்டார்கள். அவர்கள் வைத்த பெயர் 'சிகாரோ செகுபனமசானோ', கலந்து பேசி யோசனை பரிமாறிக்கொள்ளும் பெஞ்சு. ஆங்கிலத்தில் அதுவே 'ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச்' ஆயிற்று. 'மனச்சோர்வு' என்ற நோய்ப்பெயரையும் அங்கே யாரும் பயன்படுத்துவதில்லை. ஷோனா மொழி பேசுபவர்கள் தங்கள் துன்பத்தை 'குஃபுங்கிசிசா' என்பார்கள்: ஓயாத யோசனை, மண்டைக்குள் ஒரே விஷயம் சுற்றிச் சுற்றி வருவது. 2013இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இந்தச் சொல்லைத் தன் பண்பாட்டுத் துன்பங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

கேள்வித்தாளும் அந்த மொழியிலேயே பிறந்தது. 1990களில் ஹராரேயில் ஆய்வு செய்த விக்ரம் படேலும் (இந்திய மனநல மருத்துவர், பின்னர் கோவாவில் 'சங்காத்' என்ற மனநல அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர்) அவருடைய ஜிம்பாப்வே சகாக்களும் மருத்துவ நிலையங்களுக்கு வந்தவர்களிடமும் பாரம்பரிய வைத்தியர்களிடம் போனவர்களிடமும் பேசி, அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்களைக் கொண்டே 14 கேள்விகளை அமைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. போன ஒரு வாரத்தை மட்டும் கேட்க வேண்டும். அதிகமாக யோசித்தீர்களா, கவனம் சிதறியதா, அற்ப விஷயத்துக்குக் கோபம் வந்ததா, கெட்ட கனவு வந்ததா, வயிறு வலித்ததா, தூக்கம் கெட்டதா, அழுகை வந்ததா, வேலை பின்தங்கியதா, எதைச் செய்வதென்று முடிவெடுக்கத் திணறினீர்களா என்று போகும். பிறருக்குக் கேட்காதது கேட்டதா, பிறர் பார்க்காதது தெரிந்ததா என்றும் ஒரு கேள்வி உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றியதா என்பது பதினொன்றாவது. மதிப்பெண் 9 அல்லது அதற்கு மேல் வந்தவர்களைத்தான் பின்னாளில் நடந்த பெரிய ஆய்வில் சேர்த்துக்கொண்டார்கள்.

வயிற்றுவலி இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு யாரும் மருத்துவ நிலையத்துக்கு வருவதில்லை. வயிறு, தலை, நெஞ்சு என்றுதான் வருவார்கள். வெளிநாட்டுக் கேள்வித்தாளை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் இவர்களில் பலர் வலைக்கு வெளியே நழுவிவிடுவார்கள்.

அடுத்தது பெஞ்சில் நடப்பது. மொத்தம் ஆறு அமர்வுகள் வரை; ஒவ்வொன்றும் முக்கால் மணி நேர அளவு. பெஞ்சு மருத்துவ நிலைய வளாகத்துக்குள், ஆனால் வரிசையில் நிற்பவர்களின் காதுக்கு எட்டாத மூலையில் இருக்கும். முதல் அமர்வுக்கு மூன்று பகுதிகள். 'குவுரா ப்ஃபுங்வா' என்பது மனத்தைத் திறப்பது. 'குசிமுட்ஸிரா' என்பது தூக்கி நிறுத்துவது. 'குசிம்பிசா' என்பது உறுதிப்படுத்துவது. இவற்றுக்குள் மறைந்திருப்பது உலகெங்கும் சோதித்துப் பார்த்த 'சிக்கல் தீர்க்கும் சிகிச்சை'தான்.

வழக்கமாக வரும் சிக்கல்களைச் சேர்த்து ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். முப்பது வயதுப் பெண். இரண்டு மாத வாடகை பாக்கி. பள்ளிக் கட்டணம் கட்டாததால் மூத்த மகனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன மாதம்தான் தனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது, கணவரிடம் சொல்லவில்லை. இரவில் தூக்கம் இல்லை. மதிப்பெண் 11.

மனத்தைத் திறக்கும் பகுதியில் பாட்டி அநேகமாகப் பேசுவதே இல்லை. அந்தப் பெண் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சிக்கலையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்கிறார். சொல்லி முடித்ததும் பட்டியலைத் திரும்பச் சொல்லிக் காட்டுகிறார்: வாடகை, பள்ளிக் கட்டணம், மாத்திரை, கணவர், தூக்கம். உருவமில்லாத ஒரே பாரமாக அழுத்திக்கொண்டிருந்தது எண்ணக்கூடிய ஐந்து விஷயங்களாகப் பிரிகிறது. பலருக்கு முதல் நிம்மதி இங்கேயே கிடைக்கிறது.

பிறகு, "மகளே, இதில் எதை முதலில் எடுப்போம்?" என்ற கேள்வி. தேர்ந்தெடுக்க வேண்டியது அந்தப் பெண், பாட்டி அல்ல. அவர் 'கணவர்' என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது இன்னும் பெரிய சிக்கல். அப்படியே விட்டால் அடுத்த அடி எடுத்துவைக்க முடியாது. எனவே அதை உடைக்க வேண்டும்: "அவர் காதில் போட வேண்டும், ஆனால் அடி விழக்கூடாது, வீட்டை விட்டுத் துரத்தக்கூடாது." இப்போது செய்யத்தக்க வடிவம் வந்துவிட்டது. அடுத்து, தோன்றும் வழிகளையெல்லாம் நல்லது கெட்டது பார்க்காமல் சொல்ல வைக்கிறார். நேரடியாகச் சொல்வது, இருவரும் சேர்ந்து பரிசோதனைக்கு வரும்படி செவிலியரை விட்டுக் கூப்பிட வைப்பது, 'தேதே'யிடம் போவது, இப்போதைக்குச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் தொடங்குவது. தேதே என்றால் அத்தை, அப்பாவின் சகோதரி. ஷோனா குடும்பங்களில் கல்யாண வாழ்க்கைச் சங்கடங்களைக் கேட்டுப் பேசித் தீர்க்கும் உரிமை அவருக்கு உண்டு. இப்படி ஒரு வழி பட்டியலில் ஏறுவதைத்தான் 'பண்பாட்டில் வேரூன்றிய' என்று நான் புரிந்துகொள்கிறேன். சுவரில் ஆப்பிரிக்கத் துணியைத் தொங்கவிடுவதால் அது வந்துவிடாது.

வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்ததும் திட்டம் போட வேண்டும். "அத்தையிடம் பேசுகிறேன்" என்பது திட்டமாகாது. எந்த நாள், எங்கே, முதல் வாக்கியம் என்ன, அத்தை வெளியே சொல்லிவிடுவார் என்ற பயம் இருந்தால் என்ன செய்வது, பேருந்துக் காசு யார் கொடுப்பார் என்பதுவரை பேசி முடித்தால்தான் திட்டம். மூன்றாம் பகுதியில் பாட்டி அதையெல்லாம் சுருக்கமாகத் திரும்பச் சொல்லி, தைரியம் கொடுத்து, அடுத்த வருகைக்கு நாள் குறிக்கிறார். இரண்டாம் அமர்வு, போன வாரத் திட்டம் என்ன ஆயிற்று என்பதிலிருந்து தொடங்கும். நடக்கவில்லை என்றால் திட்டு கிடையாது; எந்த இடத்தில் மாட்டிக்கொண்டது என்று தேடுவார்கள். இடையில் குறுஞ்செய்தியோ தொலைபேசி அழைப்போ போகும். வராதவரை விட்டுவிடாமல் தேடிப் போவதும் உண்டு.

எங்கே பிசகும்? அறிவுரையில்தான் முதலில். வயதில் மூத்தவருக்கு, அதுவும் பாட்டிக்கு, "நான் சொல்கிறேன் கேள்" என்று தொடங்குவது மிக இயல்பு. சொல்லிய அறிவுரையைக் கேட்டு அந்தப் பெண் கணவரிடம் போய் அடி வாங்கினால் அவர் பெஞ்சுக்குத் திரும்ப வரப்போவதில்லை. அறிவுரை பலித்தாலும் கெடுதல்தான்: அடுத்த சிக்கலுக்கும் அவர் பாட்டியையே எதிர்பார்ப்பார். ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நடக்கும் பயிற்சியில் பெரும்பகுதி, மாறிமாறி நடித்துப் பார்த்து இந்தப் பழக்கத்தைக் கட்டுப்படுத்துவதற்கே போக வேண்டும். இரண்டாவது பிசகு, முதல் வாரத்திலேயே மிகப் பெரிய சிக்கலை எடுப்பது. 'வறுமை' என்று எடுத்தால் தோல்வி நிச்சயம். 'இந்த மாத வாடகையில் பாதி' என்று எடுத்தால் வழி பிறக்கும். மூன்றாவது, காரணத்தைப் பற்றி வாதாடுவது. மூதாதையர் கோபம், யாரோ வைத்த சூனியம் என்று வந்தவர் நம்பினால் அதை மறுத்து மல்லுக்கட்ட வேண்டாம். நாளைக் காலை எழுந்து என்ன செய்யலாம் என்பதில் இருவரும் ஒத்துப்போனால் போதும்.

இன்னொன்று ரகசியம். ஊரை அறிந்தவர் என்பதே பாட்டியின் பலம். அதே காரணத்தால், பேச்சு வெளியே கசிந்தால் ஒரே நாளில் பெஞ்சு செத்துவிடும். வருபவருக்குத் தெரிந்தவரோ உறவோ பெஞ்சில் இருந்தால் வேறொரு பாட்டியிடம் மாற்றிவிட வேண்டும்.

பதினொன்றாம் கேள்விக்கு 'ஆம்' என்றால் ஆறு அமர்வுக் கணக்கெல்லாம் அதோடு நின்றுவிடும். திட்டம் இருக்கிறதா, கைக்கெட்டும் தூரத்தில் வழி இருக்கிறதா என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. அபாயம் தெரிந்தால் ஆளைத் தனியே அனுப்பாமல் மேற்பார்வையாளரிடம் அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். அவர் தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். குரல் கேட்பது, மனம் பிறழ்ந்த பேச்சு, நாலு நாள் தூக்கமே இல்லாத அளவுகடந்த உற்சாகம் ஆகியவை பெஞ்சின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அவற்றுக்கு மருந்து வேண்டும், பாட்டி அதைத் தொட முயலக் கூடாது.

சில அமர்வுகளுக்குப் பிறகு 'குபாதானா தோஸே' என்ற குழுவில் சேர அழைக்கிறார்கள். எல்லோரும் கைகோத்து நிற்பது என்று பொருள். முன்பு பெஞ்சில் அமர்ந்து தேறியவர்களே நடத்தும் குழு. வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே கழிவு பிளாஸ்டிக்கைக் கீற்றுகளாக்கிக் கொக்கி ஊசியால் கைப்பை பின்னுகிறார்கள். விற்றால் நாலு காசு. மனநலத்தை உடல், வருமானம், உறவு எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்ப்பது என்று பெரிதாகச் சொல்வதன் நடைமுறை இதுதான். வாடகை பாக்கியால் வந்த தூக்கமின்மைக்குப் பேச்சு மட்டும் எத்தனை நாள் தாங்கும்?

பலன் பற்றி வலுவான ஆதாரம் உண்டு. ஹராரேயின் 24 மருத்துவ நிலையங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து 573 பேரை வைத்து நடத்திய ஆய்வு, 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. ஒரு பாதிக்குப் பெஞ்சு. மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு செவிலியரின் ஆலோசனையும், தேவைப்பட்டால் மருந்தும். ஆறு மாதம் கழித்து அந்த 14 கேள்விகளின் சராசரி மதிப்பெண் பெஞ்சுக்கு வந்தவர்களிடம் 3.81, மற்றவர்களிடம் 8.90. மனச்சோர்வு அளவுகோலில் இன்னும் எல்லைக்கு மேலே இருந்தவர்கள் 13.7 சதவீதம், மறுபக்கம் 49.9 சதவீதம். பங்கேற்றவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். ஒரு குறையையும் அதே ஆய்வு காட்டுகிறது: வந்தவர்களில் 86 சதவீதம் பெண்கள். பகலில் மருத்துவ நிலையத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். பெஞ்சை அங்கே போட்டால் ஆண்கள் எப்படி வருவார்கள்?

இந்த வழி திடீரென்று முளைத்ததும் அல்ல. 1954இல் நைஜீரியாவின் அபெயோகுட்டாவில் மனநல மருத்துவர் தாமஸ் அதெயோயே லாம்போ, ஆரோ மனநல மருத்துவமனையைச் சுற்றியிருந்த கிராமங்களில் நோயாளிகளைக் குடிவைத்தார். ஒவ்வொருவரும் துணைக்கு உறவினர் ஒருவரை அழைத்துவர வேண்டும். அவர் சமைப்பார், கூட நடப்பார். காலையில் மருத்துவமனைக்குப் போய்ச் சிகிச்சை, பிறகு கிராமத்துக்குத் திரும்பி வயல் வேலை, கூத்து, வழிபாடு. அந்தப் பகுதியின் யொருபா இனப் பாரம்பரிய வைத்தியர்களும் உடன் வேலை செய்தார்கள். கிராமத்தாருக்கு வாடகையும் குழாய்த் தண்ணீரும் கொசு ஒழிப்பும் கிடைத்தன. அதனால்தான் நோயாளிகளை ஏற்றுக்கொண்டார்கள் என்பதை மறக்கக் கூடாது. செனகலின் டக்கார் நகரில் ஃபான் மருத்துவமனையிலும் பின்னாளில் உறவினர் உடன் தங்குவதும், ஊர்ச்சபை போலக் கூடிப் பேசுவதும் வழக்கமாயின. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் 1950களிலிருந்தே குடும்பம் நோயாளியோடு தங்குவதைத் தமிழ் வாசகர்கள் சிலர் நேரில் அறிந்திருப்பார்கள்.

பாரம்பரியம் என்ற பெயரில் வருவதையெல்லாம் ஏற்கச் சொல்லவில்லை. கானாவின் பிரார்த்தனை முகாம்களில் நோயாளிகளை மரத்தோடு சங்கிலியால் பிணைத்திருந்ததை 2012இல் மனித உரிமை அமைப்பு ஒன்று விரிவாக வெளியிட்டது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. எழுந்து போகும் சுதந்திரம் இருக்கிறதா, மருந்து தேவைப்படுபவருக்கு மருந்து போய்ச் சேருகிறதா: இந்த இரண்டையும் கேட்டுவிட்டே எந்த இடத்தையும் ஏற்க வேண்டும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலை வேறு. அங்கே மருத்துவர் பற்றாக்குறையைவிடப் பெரிய தடை நம்பிக்கையின்மை. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அடிமை தப்பி ஓடுவதையே ஒரு மனநோய் என்று 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் பெயர் சூட்டினார். 1932 முதல் 1972 வரை டஸ்கீகியில் கறுப்பின ஆண்களுக்கு மேகநோய்க்கான (சிஃபிலிஸ்) சிகிச்சையைத் தராமலே வேடிக்கை பார்த்தார்கள். இன்றும் ஒரே அறிகுறிகளோடு போனாலும் கறுப்பினத்தவருக்கு மனச்சிதைவு என்று முத்திரை குத்தப்படும் வாய்ப்பு அதிகம். 1968இலேயே கறுப்பின உளவியலாளர்கள் தனிச் சங்கம் தொடங்கியதன் பின்னணி இதுதான். எனவே அங்கே தேவாலயமும் முடிதிருத்தும் கடையும் வாசலாகின்றன. அர்கன்சாவில் லொரென்சோ லூயிஸ் தொடங்கிய 'கன்ஃபெஸ் ப்ராஜெக்ட்' முடிதிருத்துபவர்களுக்குக் காதுகொடுத்துக் கேட்கவும், இழிவான சொற்களைத் தவிர்க்கவும், யாரிடம் அனுப்புவது என்று தெரிந்துகொள்ளவும் பயிற்சி தருகிறது. ஹராரே பெஞ்சு தவறவிட்ட ஆண்களை எங்கே தேடலாம் என்பதற்கு இதில் விடை இருக்கிறது: சில வாரத்துக்கு ஒருமுறை அதே நாற்காலி, அதே கை, அரைமணி நேரம். நியூயார்க்கும் ஹராரேயைப் பார்த்து ஆரஞ்சு நிறப் பெஞ்சுகளைப் போட்டபோது பாட்டிமாரைத் தேடவில்லை. போதைப் பழக்கத்திலிருந்தோ மனநோயிலிருந்தோ மீண்டவர்களை உட்கார வைத்தது. அந்தத் தெருவில் யார் சொன்னால் கேட்பார்களோ அவர்களைத்தான் தேட வேண்டும்.

உங்கள் பகுதியில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைத்தால் பெஞ்சைக் கடைசியாகச் செய்யச் சொல்லுங்கள். முதலில், அபாய நிலையில் இருப்பவரை அன்றைக்கே ஏற்றுக்கொள்ளும் மருத்துவர் ஒருவரோடு எழுத்தில் ஏற்பாடு. அடுத்து, மக்கள் தங்கள் துன்பத்துக்குச் சொல்லும் சொற்களைச் சேகரித்து, அந்த ஊருக்கென்று சரிபார்த்த கேள்வித்தாள். பிறகு பயிற்சி, வாரம் ஒருமுறை குழுவாக மேற்பார்வை. கேட்பவர்களுக்கு மாதச் சம்பளமோ படியோ இல்லாமல் சேவை மனப்பான்மையை மட்டும் நம்பினால் நாளடைவில் பெஞ்சு காலியாகிவிடும். நாள் முழுக்கப் பிறர் துயரைக் கேட்கும் அந்தப் பெண்கள் தங்கள் துயரைச் சொல்வதற்கும் அந்த வாராந்தரக் கூட்டத்தில் நேரம் ஒதுக்க வேண்டும். அவர்கள் வீட்டிலும் அதே வாடகை, அதே நோய், அதே இழப்புகள்தான் இருக்கின்றன.